ஹேக் மீன் ஆழத்துக்குப் போயிடுச்சா? சாட்ஸ்வொர்த் டீச்சர் கேட்டதுக்கு

டீச்சர், நீங்க எழுதியிருந்தது இதுதான்: தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்துல சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறீங்க, உங்க தாத்தா காலத்துல வீட்டுக்கு செவன்டி-ஃபோர் மீன் வரும், இப்ப கடை ஃப்ரீசர்ல ஹேக் மட்டும்தான், அதுவும் சின்னது சின்னதா. கடல் சூடாகுறதால ஆழ்கடல் மீனெல்லாம் இன்னும் கீழ போயிடுச்சு, தீனி மாறிடுச்சு, முட்டை விடுறதும் கொறைஞ்சிடுச்சுன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க, பசங்க கேட்டா நான் என்ன சொல்றதுன்னு கேட்டிருக்கீங்க. இதுல இடம், தீனி, சினைன்னு மூணு கேள்வி இருக்கு, ஆனா அதுக்கெல்லாம் அடியில நாலாவதா ஒண்ணு இருக்கு, இருநூறு முந்நூறு பாகத்துக்குக் (ஒரு பாகம் ஆறடி ஆழம்) கீழ இருக்கிற மீன் மாறிடுச்சுன்னு ஒருத்தர் சொன்னா அவருக்கு அது எப்படித் தெரியும்ங்கிறது. நான் அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும், ஏன்னா மீன் மாறினதை விட அளக்குற விதம் மாறினது பல இடத்துல அதிகம்.

என்னைப் பத்தி ரெண்டு வரி. ஊரு நாகப்பட்டினம் பக்கம், தூத்துக்குடியில மீன்வளம் படிச்சேன், கேப் டவுன் வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, வீடு ரைலண்ட்ஸ்ல. இங்க ஆராய்ச்சிக்காகப் போற இழுவலைக் கப்பல்ல வலையோட மடியைக் கொட்டினதும் மீனைப் பிரிச்சு, அளந்து, வயித்தைக் கீறி, காதுக்கல்லை எடுக்கிற மேசையிலதான் என் வேலைக்காலத்துல பெரும்பகுதி போச்சு. அதனால ஹேக், கிங்க்ளிப் (இதுவும் இந்தக் கடல்ல அடியில வாழுற ஒரு மீன்) பத்தி நான் சொல்றது கையால தொட்டது, மத்த கடலைப் பத்திச் சொல்றது படிச்சது.

முதல்ல தாத்தாவோட செவன்டி-ஃபோரை ஹேக்கோட சேர்க்காதீங்க. அது பாறைத் திட்டுகள்ல வாழுற மீன், நேட்டால் பக்கமும் அதை ஒட்டின கரையிலயும்தான் இருக்கு, உலகத்துல வேற எங்கயும் கிடையாது. சினை விட ஒரே இடத்துல கும்பலா கூடும், கூடுற இடம் தூண்டில்காரங்களுக்குத் தெரியும், வருஷா வருஷம் அங்கயே போய்ப் பிடிச்சாங்க. போன நூற்றாண்டோட ஆரம்பத்துல டர்பன் தூண்டில் மீனுல பெரும்பங்கு அதுதான், 1960கள்லயே கூட்டம் கலைஞ்சு போச்சு, 1998-ல பிடிக்கவே கூடாதுன்னு தடை வந்தது. இதுல சூட்டைக் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்ல. பிடிச்சு தீர்த்தது, அவ்வளவுதான், இதை பசங்ககிட்ட தைரியமா சொல்லலாம்.

இப்ப ஹேக். நம்ம வீட்டுல ஹேக்னு ஒரே பேர்ல வாங்குறது உண்மையில ரெண்டு இனம், ஒண்ணு கொஞ்சம் மேல் தண்ணி ஹேக், இன்னொண்ணு ஆழத்து ஹேக். மேல் தண்ணி இனத்துக்கு 1861-லயே பேர் வெச்சாச்சு, ஆழத்து இனம் தனின்னு பிரிச்சு எழுதினது 1960-ல, அதாவது அதுக்கு முன்னாடி இருக்கிற அத்தனை மீன்பிடிக் கணக்குலயும் ரெண்டும் கலந்து கிடக்கு. இன்னிக்கும் கப்பல்காரங்க இறக்கும்போது ரெண்டையும் பிரிச்சு எழுதுறதில்ல, எந்த ஆழம், எந்த அளவுன்னு பார்த்து நாங்கதான் கணக்குப் போட்டுப் பிரிக்கிறோம். அதனால "அம்பது வருஷம் முன்னாடி ஹேக் இந்த ஆழத்துல இருந்துச்சு, இப்ப அந்த ஆழத்துல இருக்கு"ன்னு யாராவது சொன்னா, எந்த ஹேக்னு முதல்ல கேளுங்க. இழுவலைக் கப்பல் வருஷம் போகப்போக ஆழத்துக்கு நகர்ந்தது, நகர நகர மடியில ஆழத்து இனம் அதிகமா விழுந்தது, இப்ப பிடிபடுறதுல பெரும்பங்கு அதுதான். பழைய கணக்கை அப்படியே வரைஞ்சா மீன் கீழ போன மாதிரி தெரியும், உண்மையில கீழ போனது வலை.

இன்னொரு குழப்பமும் இருக்கு. ரெண்டு இனமும் வளர வளர தானாவே ஆழத்துக்குப் போகும், குட்டி மேல, கிழடு கீழ, அது அதோட வாழ்க்கை முறை. ரெண்டு இனமும் ஒரே ஆழத்துல சந்திக்கிற இடத்துல மேல் தண்ணி இனத்துல பெருசும், ஆழத்து இனத்துல சின்னதும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், பெருசு சின்னதைத் தின்னும். பெருசுகளை அதிகமா பிடிச்சுட்டா மீதி இருக்கிற கூட்டத்தோட சராசரி ஆழம் மேல வரும், ஒரு வருஷம் குட்டி நிறைய பொழைச்சா அப்பவும் மேல வரும், அந்தக் குட்டி வளர்ந்ததும் சராசரி கீழ இறங்கும். ஒரு டிகிரி கூட தண்ணி மாறாமலே இதெல்லாம் நடக்கும்!

கடையில சின்னதா இருக்குங்கிறதும் ஆதாரம் ஆகாது டீச்சர், வருத்தமா இருந்தாலும் சொல்றேன். இந்த நாட்டு ஹேக்குல நிறைய ஸ்பெயின் மாதிரி ஐரோப்பிய நாடுகளுக்குப் போயிடுது, நல்ல பெருசுக்கு அங்க விலை இருக்கு. உங்க ஃப்ரீசர்ல விழுறது சந்தை விட்ட மிச்சம்.

சரி, அப்ப எதை வெச்சு அளக்கிறோம்? ஆஃப்ரிகானான்னு அரசாங்க ஆராய்ச்சிக் கப்பல், 1982-ல கட்டினது, 1980களோட நடுவுல இருந்து மேற்குக் கரை, தெற்குக் கரை ரெண்டுலயும் ஒரே முறையில வலை இழுத்த கணக்கு இருக்கு. குலுக்கல் மாதிரி இடம் தேர்ந்தெடுத்து, அரை மணி நேரம், பகல்ல மட்டும் இழுக்கணும். பகல்ல மட்டும் ஏன்னா ராத்திரியில ஹேக் தீனிக்காக தரையை விட்டு மேல எழும்பிடும், அடியில இழுக்கிற வலைக்கு அது சிக்காது. நல்ல கணக்குதான், ஆனா 2003-ல வலையும் அதோட அமைப்பும் மாத்தினாங்க, அதுக்கு முன்னாடி பின்னாடி ரெண்டையும் ஒட்ட வைக்க ஒரு திருத்தம் போட வேண்டியிருக்கு, சில வருஷம் ஆஃப்ரிகானா ஓடாம வணிக ட்ராலரை வெச்சுப் பண்ணினோம். அதைவிடப் பெருசா, இந்தக் கணக்கோட வழக்கமான எல்லை 500 மீட்டர் ஆழக்கோடு, ஆயிரம் மீட்டர் வரைக்கும் நீட்டினது பின்னாடிதான். ஆழத்து ஹேக்கோ 800 மீட்டரையும் தாண்டி இருக்கு. மீன் 500-க்குக் கீழ இறங்கிப் போச்சான்னு கேக்குறோம், கேக்குற எல்லைக்கு அந்தப் பக்கம் பழைய எண்ணே இல்ல. அதனால சூட்டால ஹேக் கீழ போயிடுச்சுங்கிறதை இந்தக் கரையில நிரூபிக்கவும் முடியல, பொய்னு தள்ளவும் முடியல. வீடியோவுல அதை முடிஞ்ச விஷயம் மாதிரி சொன்னதுதான் எனக்கு ஒத்துக்க முடியாதது.

உறுதியா தெரிஞ்ச இடமாற்றம் இல்லவே இல்லையான்னா, இருக்கு, ஆனா மேல்தண்ணி மீனுல. நெத்திலிக் கூட்டம் சினை விடுற இடம் 1996-ல திடீர்னு அகுல்ஹாஸ் முனைக்குக் (ஆப்பிரிக்காவோட தெற்கு நுனி) கிழக்கே நகர்ந்துச்சு, கொஞ்ச வருஷத்துல மத்தியும் கிழக்கு நோக்கிப் போச்சு. அந்த நெத்திலி நகர்வை ஒட்டி கரையோரத் தண்ணி சூடாகல, குளிர்ந்திருக்கு. கடல் சூடாகுதுன்னா எல்லா இடமும் ஒரே சீரா சூடாகுறதில்ல, காத்து மாறினா அடித்தண்ணி மேல வரும், அந்த இடம் ஜில்லுன்னு ஆகும்.

இன்னும் பின்னால போகணும்னா ஒரு அழகான வேலை நடந்திருக்கு, இதை பசங்களுக்குக் கண்டிப்பா சொல்லுங்க. கேப் அரசாங்கம் 1890கள்ல கில்கிறிஸ்ட்ங்கிற உயிரியல்காரரை வெச்சு பீட்டர் ஃபோர்ங்கிற நீராவிக் கப்பல்ல தெற்குக் கரையெல்லாம் வலை இழுத்துப் பார்த்துச்சு, எண்ணிக்கையை ஒழுங்கா எழுதி வெச்சாங்க. 2015-ல அதே மாதிரி பழைய வலையைப் புதுசா பின்னி, 1904 வாக்குல இழுத்த அதே இடங்கள்ல திரும்ப இழுத்தாங்க. நூத்தி பதினோரு வருஷ இடைவெளி. அப்ப காப் (நம்ம ஊர் கத்தாழை ஜாதி), பாங்கா, நாக்கு மீன் இதெல்லாம் நிறைஞ்சு கிடந்த இடத்துல இப்ப கர்னார்ட், முள்ளுச்சுறா, மாஸ்பேங்கர், கெளுத்தி, மேல் தண்ணி ஹேக் இவங்க ராஜ்ஜியம். வலையை மாத்தாம அளந்ததால இந்தப் பதிலை நம்பலாம். ஆனா அது கரையோரம், ஆழ்கடல் இல்ல. ஆழத்துல நூறு வருஷம் முன்னாடி இப்படி ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி யாரும் கணக்கு வெச்சதா எனக்குத் தெரியல.

ஆழத்துக்கு நெருக்கமான நல்ல கணக்கு அயர்லாந்துக்குத் தென்மேற்கே போர்க்குபைன் பள்ளத்துல இருக்கு. 1977-ல இருந்து 1989 வரை ஒரு தொகுதி, 1997-ல இருந்து 2002 வரை இன்னொரு தொகுதி. நடுவுல அந்தப் பக்கம் ஆழ்கடல் மீன்பிடி வளர்ந்துச்சு, கப்பல்கள் கிட்டத்தட்ட 1,600 மீட்டர் வரைக்கும்தான் பிடிச்சது, ஆனா மீன் கொறைஞ்சது 2,500 மீட்டர் வரைக்கும் தெரிஞ்சது. வலையே போகாத ஆழத்துல எப்படி? ஒரே இனம் மேலயும் கீழயும் பரவி வாழுது, குட்டியில ஒரு ஆழம், பெருசானா வேற ஆழம், மேல் பாதியில பிடிச்சுட்டா கீழ்ப் பாதிக்குப் போறதுக்கு ஆள் இல்ல. ஆழ்கடல்ல நீண்ட கால மாற்றம்னு கேட்டா என் மனசுல முதல்ல நிக்கிற உதாரணம் இதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல 800 மீட்டருக்குக் கீழ அடித்தள இழுவலை கூடாதுன்னு சட்டம் கொண்டுவந்ததுக்குப் பின்னால இந்த மாதிரி வேலைகள்தான் இருக்கு.

தீனிக்கு வர்றேன். ஹேக் குட்டியா இருக்கும்போது கிரில் தின்னும் (கூனி மாதிரின்னு வெச்சுக்கோங்க), அப்புறம் உடம்புல வெளிச்சம் விடுற சின்ன லான்டர்ன் மீன், பெருசானா மாஸ்பேங்கர், கணவாய், தன் இனத்துக் குட்டிங்க. தன் குட்டியையே தின்னுறது பஞ்சத்தால வந்ததுன்னு சிலர் பயமுறுத்துவாங்க, அப்படி இல்ல, ஹேக்குக்கு அது எப்பவும் உள்ள பழக்கம். தீனி மாறிடுச்சான்னு பார்க்க வயித்தைக் கீறணும், அங்கதான் சிக்கல். ஆழத்துல இருந்து மேல இழுக்கும்போது காத்துப்பை ஊதி வயிறு வாய் வழியா வெளிய பிதுங்கிடும், தின்னதெல்லாம் போயிடும். நூறு வயிறு கீறினா நிறையவே வெறுமையா இருக்கும், அது பட்டினியா, பிதுங்கினதா, இல்ல பகல்ல செரிச்சு முடிச்சதான்னு வயிறு சொல்லாது. சில மீன் வலைக்குள்ள மாட்டின பிறகே பக்கத்துல இருந்ததை முழுங்கியிருக்கும், அது தீனி கணக்குல சேரக்கூடாது, பல்லுல இன்னும் இறுக்கமா மாட்டியிருக்கிறதை வெச்சுப் பிரிப்போம், முடிஞ்ச வரைக்கும்.

அதனால இப்ப தசையில இருக்கிற நைட்ரஜன் வகையை அளக்கிறாங்க. ஒண்ணை ஒண்ணு தின்னும்போது ஒவ்வொரு படி மேல ஏறவும் கனமான நைட்ரஜன் பங்கு கொஞ்சம் கூடும், ஆயிரத்துக்கு மூணு மூணரை அளவுல. வயிறு நேத்து ராத்திரி சாப்பாட்டைச் சொல்லும், தசை மாசக்கணக்கைச் சொல்லும், கண்ணுல இருக்கிற லென்ஸ் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா வளர்றதால குட்டியில இருந்து முழு வாழ்க்கையையும் சொல்லும். ஆனா அந்த எண் கூடினா மீன் பெரிய இரை தின்னுதுன்னும் இருக்கலாம், அந்தக் கடல்ல உணவுச்சங்கிலியோட அடியில இருக்கிற நைட்ரஜனே மாறிடுச்சுன்னும் இருக்கலாம், ரெண்டையும் பிரிக்கத் தனி வேலை செய்யணும். இன்னொண்ணு, இரையையும் நாமதான் தொட்டோம். இதே மேற்குக் கரையில 1973-ல ஒரே வருஷத்துல 40,000 டன்னுக்கு மேல லான்டர்ன் மீனைப் பிடிச்சு மாவாக்கினாங்க. அது ஹேக்கோட சாப்பாட்டுத் தட்டு.

தீனிக்கும் எண்ணிக்கைக்கும் உறவு தெளிவா தெரிஞ்ச இடம் கலிஃபோர்னியாவுக்கு வெளிய, கரையில இருந்து 220 கிலோமீட்டர் தள்ளி, 4,100 மீட்டர் ஆழத்துல இருக்கு. 1989-ல இருந்து 2004 வரைக்கும் அங்க கேமராவை இழுத்து எண்ணினதுல எலிவால் மீன் ரெண்டு மடங்குக்கு மேல கூடியிருந்துச்சு. அந்த ஆழத்துல யாரும் பிடிக்கிறதில்ல, ஆக மேல இருந்து விழுற தீனிதான் காரணமா இருக்கணும். முதல்ல தரையில ஊருற உயிரிங்க கூடினதைக் காரணமா நினைச்சாங்க, அப்புறம் மேல்தண்ணியில வாழுற பசிபிக் ஹேக் செத்து அடியில விழுறதோட சேர்த்துப் பார்த்தா இன்னும் நல்லா பொருந்துதுன்னு வந்தது. பொருந்துதுங்கிறதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். ஆனா மேல நடக்கிறது நாலு கிலோமீட்டர் கீழ போய்ச் சேருதுங்கிறதுல எனக்கு சந்தேகம் இல்ல.

சினை விஷயம்தான் எனக்கு மனசு கனமாகிற இடம், கிங்க்ளிப்பால. ஆயிரங்கால் தூண்டிலை (ஒரே நீளக் கயித்துல வரிசையா நிறைய கொக்கி) ஹேக்குக்குன்னு 1983-ல சோதனையா விட்டாங்க, விட்டவங்க சீக்கிரமே கிங்க்ளிப் கூடுற இடத்தைக் கண்டுபிடிச்சுட்டாங்க. பாறை இடுக்குல ஒளிஞ்சு வாழுற மீன், இழுவலைக்கு முழுசா சிக்காம தப்பிச்சுட்டு இருந்துச்சு, தூண்டிலுக்குத் தப்ப முடியல. 1986-ல உச்சம், அப்புறம் சரிவு, 1990-ல அந்தத் தூண்டிலையே நிறுத்திட்டாங்க. இப்ப போர்ட் எலிசபெத் (புதுப் பேர் க்கெபெர்ஹா) வெளிய சினை கூடுற ஒரு பகுதியை செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் மூடி வெக்கிறாங்க. முட்டை விடுறது கொறைஞ்சதான்னா, ஒரு மீன் விடுற முட்டை கொறையல, விட வேண்டிய தாய்மீன் கொறைஞ்சது. இந்த வித்தியாசத்தை பசங்க புரிஞ்சுக்கிட்டா போதும்னு நினைக்கிறேன்.

நமீபியாவுல ஆரஞ்சு ரஃபி கதை இதைவிடச் சிக்கல். அது இருநூறு வருஷத்துக்கு மேல வாழக்கூடிய மீன், முட்டை விடவே முப்பது வயசு வாக்குல ஆகும். 1990களோட நடுவுல கூட்டம் கண்டுபிடிச்சாங்க, சில வருஷத்துலயே மீன்பிடி சரிஞ்சது. பிடிச்சு தீர்த்தாச்சுன்னு ஒரு கட்சி, இல்ல, அந்த வருஷங்கள்ல மீன் அங்க வந்து கூடவே இல்ல, வேற எங்கயோ இருக்குன்னு இன்னொரு கட்சி. ரெண்டாவது வாதத்தைக் கப்பல்காரங்க சாக்குன்னு ஒதுக்க முடியாது, ஏன்னா ரஃபியில ஒரு பங்கு பெண்மீன்கள் சில வருஷம் சினை பிடிக்காம விடும்ங்கிறது ஆஸ்திரேலியப் பக்கத்துல பார்த்த உண்மை. ஆனா எங்க இருக்குன்னு தெரியாத மீனை இருக்குன்னு வெச்சு அனுமதி கொடுத்தது தப்புன்னு நான் நினைக்கிறேன். முப்பது வயசுல முட்டை விடுற மீனை மூணு வருஷக் கணக்கை வெச்சு நடத்த முடியாது.

வயசைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், இனப்பெருக்கக் கணக்கெல்லாம் அதுமேல நிக்குது. காதுக்கல்லுல மரத்து வளையம் மாதிரி வளையம் இருக்கும், அதை எண்ணி வயசு சொல்வோம். 2002-ல பிரெஞ்சுக்காரங்க பிஸ்கே விரிகுடாவுல ஐரோப்பிய ஹேக்குக்கு அடையாளம் கட்டி விட்டாங்க, திரும்பப் பிடிச்சுப் பார்த்தா நினைச்சதை விட ரெண்டு மடங்கு வேகமா வளர்ந்திருக்கு, வருஷத்துக்கு ஒரு வளையம்னு எண்ணினதே தப்பு. இதுக்கு நேர் எதிரா சீலகாந்த், அதான் 1938-ல இந்த நாட்டு ஈஸ்ட் லண்டன் ஊருல கிடைச்சு, 2000-ல சோட்வானா வளைகுடாவுல முக்குளிக்கிறவங்க உயிரோட பார்த்த மீன், அது இருபது வருஷம் வாழும்னு சொல்லிட்டு இருந்தாங்க. 2021-ல செதிலை வேற வெளிச்சத்துல பார்த்தா அஞ்சு மடங்கு வளையம், நூறு வருஷம் வாழும், அம்பது வயசுக்கு மேலதான் பருவத்துக்கு வரும், குட்டியை அஞ்சு வருஷம் வயித்துல சுமக்கும்! வயசை இவ்வளவு தப்பா படிக்க முடியும்னா, "முன்னெல்லாம் அஞ்சு வயசுல முட்டை விட்டுச்சு, இப்ப மூணுல விடுது"ன்னு சொல்றவங்ககிட்ட ரெண்டு காலத்துலயும் வளையம் எண்ணினது யாருன்னு கேக்கணும். பெருசைப் பிடிக்கப் பிடிக்க மீன் சின்ன வயசுலயே பருவத்துக்கு வரும்ங்கிறது கனடா காட் மீனுல நல்லா காட்டின விஷயம், இங்க ஹேக்குல அதே அளவுக்கு யாரும் இன்னும் காட்டல.

ஹேக்கோட நிலைமைன்னு கேட்டா, 1970களோட ஆரம்பத்துல வெளிநாட்டுக் கப்பல்கள் இங்க வந்து வாரினப்போ மோசமா போச்சு, 1977 நவம்பர்ல 200 கடல் மைல் எல்லை போட்டாங்க, அப்புறம் மெதுவா ஏறி வந்திருக்கு. ஆழத்து ஹேக் நமக்கும் நமீபியாவுக்கும் ஒரே கூட்டம்னு மரபணு வேலை காட்டுது, ரெண்டு நாடும் தனித்தனியா கணக்குப் போடுறது எனக்கு இன்னும் உறுத்துற விஷயம். சூட்டைப் பத்தி நான் அலட்சியமா இல்ல டீச்சர். 500 மீட்டர் ஆழத்துத் தண்ணி சூடானா அதை ஈடுகட்ட அந்த மீனுக்கு வேற வழி கொறைவு, அது எனக்கு நிஜமான பயம். ஆனா நூறு வருஷம் வாழுற மீனுக்கு நாப்பது வருஷக் கணக்கு அரை ஆயுசு கூட இல்ல, அதுல வலையோட கைரேகையைக் கழிச்சுட்டுத்தான் சூட்டோட கைரேகையைத் தேட முடியும்.

பசங்களுக்கு இதை வாயால சொல்றதை விட கையில கொடுங்க. இப்ப புரட்டாசி, உங்க வீட்டுலயும் பசங்க வீட்டுலயும் மீன் தொட மாட்டாங்கன்னு தெரியும், அது முடிஞ்சதும் பண்ணுங்க. ஹேக் பெரும்பாலும் தலை வெட்டித்தான் வரும், மீன்காரர்கிட்ட தலையைத் தனியா கேட்டுப் பாருங்க, கிடைக்கலைன்னா காப் தலை வாங்குங்க, அதுல கல்லு பெருசு. கண்ணுக்குப் பின்னால மண்டையைக் குறுக்க வெட்டினா மூளைக்குக் கீழ ரெண்டு பக்கமும் வெள்ளையா கல்லு இருக்கும், ஹேக்குல அது ஓரம் நெளிஞ்ச இலை மாதிரி நீளமா இருக்கும். கழுவிக் காய வெச்சு, குறுக்க ரெண்டா உடைச்சு, உடைஞ்ச முகத்தை மெழுகுவர்த்தித் தீயில லேசா பழுப்பாகுற வரைக்கும் காட்டுங்க (அதை நீங்களே பண்ணுங்க, பசங்க வேண்டாம்), அப்புறம் ஒரு சொட்டு எண்ணெய் தடவி பூதக்கண்ணாடியில பாருங்க, கறுத்த கோடுகள் தெரியும். ஆளுக்கு ஆள் மத்தவங்க எண்ணைப் பார்க்காம எண்ணி, பேப்பர்ல எழுதி மடிச்சு வெக்கட்டும். கப்பல்ல நாங்களும் அப்படித்தான் பண்றோம். போட்டோவும் அந்த எண்களும் இங்கயே போடுங்க, நான் என்னோட எண்ணிக்கையைச் சொல்றேன்.